'நைன் நைட்' நாடகமும் அக்கா வைத்த படையலும்

நான் பார்த்தது 2019 ஜனவரியில். லண்டனில் என்னோடு வார்டில் வேலை செய்த ஜமைக்கத் தோழி, "இது எங்கள் வீட்டுக் கதை, வா" என்று டிக்கெட் எடுத்து ட்ரஃபால்கர் ஸ்டூடியோஸுக்குக் கூட்டிப்போனாள். எழுதியவர் நடாஷா கார்டன்; அவருடைய முதல் நாடகம். 2018இல் நேஷனல் தியேட்டரில் மேடையேறி, அந்த வருடக் கடைசியில் லண்டனின் பெரிய வணிக நாடக அரங்குகள் இருக்கும் வெஸ்ட் எண்டுக்கு வந்தது. கறுப்பினப் பிரிட்டிஷ் பெண் ஒருவர் எழுதிய நாடகம் அங்கே போனது அதுதான் முதல் தடவை. கரீபியன் தீவுகளிலிருந்து குடியேறிகளை ஏற்றிக்கொண்டு 1948இல் விண்ட்ரஷ் கப்பல் இங்கிலாந்துக்கு வந்து எழுபது வருடம் கழித்து!

கதை ஒரு சமையலறையில் நடக்கிறது. குளோரியா என்ற தாய் இறந்துவிடுகிறார். ஜமைக்க வழக்கப்படி ஒன்பது இரவுகள் சொந்தபந்தம் கூடிச் சாப்பிட்டு, ரம் குடித்து, பாட்டும் பேச்சுமாக இருக்க வேண்டும். கடைசி இரவில் வீட்டுச் சாமான்களை இடம் மாற்றிப் போடுவார்கள். ஆவி திரும்பி வந்தால் தன் அறையை அடையாளம் கண்டு தங்கிவிடக் கூடாதாம். வேலையை விட்டு அம்மாவைப் பராமரித்த மகள் லொரெய்னுக்கு அழக்கூட நேரமில்லை, வந்தவர்களைக் கவனித்துக்கொண்டே இருக்கிறாள். அந்தப் பாத்திரத்தில் கார்டனே நடித்தார். எங்கள் அம்மாவின் எட்டுச் செலவில், அதாவது இறந்த எட்டாம் நாள் அவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைக்கும் சடங்கில், நான் அப்படித்தான் நின்றேன்.

அப்புறம் ட்ரூடி வருகிறாள். குளோரியா இங்கிலாந்துக்கு வந்தபோது ஜமைக்காவில் விட்டுவிட்டு வந்த மகள். அவளுடைய கோபம் வெடித்தபோது தோழி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வெளியே பேருந்துக்கு நின்றபோதுதான் சொன்னாள்: "ஒன்பது வயதில்தான் என்னை இங்கே கூப்பிட்டார்கள். விமான நிலையத்தில் நின்றவரை அம்மா என்று கூப்பிட வாய் வரவில்லை. பல மாதம் எதுவும் சொல்லிக் கூப்பிடாமலே சமாளித்தேன்."

எனக்கு அக்காவின் முகம் வந்து நின்றது. 1986இல் அம்மா என்னை மட்டும் தூக்கிக்கொண்டு லண்டன் வந்தார். அக்காவை யாழ்ப்பாணத்தில் அம்மம்மாவிடம் விட்டது ஆறு மாதத்துக்கென்றுதான். அவள் அங்கிருந்தே கல்யாணமாகி கனடா போனாள். கல்யாணத்துக்கு அம்மா போய் நாலு நாள் நின்றார், அவ்வளவுதான்.

எட்டுச் செலவுக்கு வந்த அக்கா சமையலறையைப் பிடித்துக்கொண்டு யாரையும் அடுப்படிக்கு விடவில்லை. ஆனால் ஒவ்வொன்றையும் என்னிடம் கேட்டாள். அம்மா உறைப்புக் கூடச் சாப்பிடுவாவோ? இறால் பிடிக்குமோ, மீனோ? "இதுகூடத் தெரியாதா உனக்கு?" என்று எரிந்து விழுந்தேன். ஆட்கள் நிறைந்த வீட்டில்.

நாடகம் பார்த்த மறுநாள் கனடாவுக்குப் போன் எடுத்து அதற்கு மன்னிப்புக் கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"அம்மாவுக்கெண்டு நான் சமைச்சது அண்டைக்கு ஒருநாள்தானடி" என்றாள்.