ராய் பார்க் அன்று இரவு தூங்கியிருக்க வேண்டுமா?

சேலம்_செல்வம்:
1920 டிசம்பர் 31 அன்று மெல்போர்னில் தொடங்கிய ஆஷஸ் டெஸ்ட், அதாவது ஆஸ்திரேலியா–இங்கிலாந்து கிரிக்கெட் தொடரின் ஒரு ஆட்டம். ஆஸ்திரேலிய பேட்ஸ்மேன் மெக்கார்ட்னிக்கு உடம்பு சரியில்லாததால் டாக்டர் ராய் பார்க்குக்கு இடம் கிடைத்தது. மூன்றாவதாக இறங்கினார், இங்கிலாந்து வேகப்பந்து வீச்சாளர் ஹாரி ஹவல் போட்ட முதல் பந்திலேயே போல்டு. ஆஸ்திரேலியா இன்னிங்ஸ் வெற்றி பெற்றதால் இரண்டாவது முறை மட்டையைத் தொடவே இல்லை, அப்புறம் அவரை யாரும் கூப்பிடவும் இல்லை. முந்தின இரவு முழுக்கப் பிரசவம் பார்த்தார் என்கிறார்கள். நாட்டுக்கு ஆடப் போகிறவர் அந்த ஒரு இரவு கேஸை வேறு டாக்டரிடம் கொடுத்திருக்கலாமே? அந்த இடத்துக்கு எத்தனை பேர் ஏங்கியிருப்பார்கள்!

வார்டு_அக்கா:
தம்பி, பதினோரு வருடமாகப் பிரசவ வார்டில் இருக்கிறேன். விடிய விடிய வலியில் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிற பெண்ணிடம் போய், நாளைக்கு மேட்ச் இருக்கிறது, வேறு டாக்டர் வருவார் என்று எந்த வாயால் சொல்வது? அதுவும் முதல் உலகப் போரில் ராணுவ மருத்துவப் பிரிவில் கேப்டனாக இருந்துவிட்டு வந்த மனுஷன். கிரிக்கெட் அவருக்குச் சோறு போடவில்லை, வைத்தியம்தான் போட்டது.

கோடம்பாக்கம்_ரவி:
அக்கா சொல்வது சரி. அந்த ஒரு பந்தை வைத்தே அவரை எடை போடுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஆட்டம் பார்க்க வந்த மனைவியின் கையிலிருந்த பின்னல் வேலை கீழே விழுந்தது, அவர் குனிந்து எடுப்பதற்குள் புருஷன் அவுட், இந்தக் கதையைத்தான் நூறு வருடமாகச் சொல்லிச் சிரிக்கிறார்கள். முதல்தர ஆட்டத்தில் 9 சதம், அதில் ஒன்று 228, அதை யார் சொல்கிறார்கள்? 1914-லேயே தென்னாப்பிரிக்கா போகும் அணியில் தேர்வானவர், போர் வந்து அந்தப் பயணமே ரத்தானது. ஆறு வருடம் கழித்து ஒரு பந்து. நன்றாகத் தூங்கி எழுந்தவனும் ஹவல் வேகத்துக்கு முதல் பந்தில் போல்டாவான். தவறு, இன்னொரு டெஸ்ட் கொடுக்காத தேர்வாளர்களுடையது.

சேலம்_செல்வம்:
பாதிப் பிரசவத்தில் விட்டுவிட்டு வர முடியாதுதான் அக்கா, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ரவி, தேர்வாளர்களைத் திட்டாதீர்கள். அந்தத் தொடரை ஆஸ்திரேலியா 5-0 என்று ஜெயித்தது. ஐந்தாவது டெஸ்டில் மெக்கார்ட்னி சிட்னியில் 170 அடித்தார். யாரை வெளியே உட்கார வைத்துவிட்டுப் பார்க்கை உள்ளே கொண்டுவருவீர்கள், பெயர் சொல்லுங்கள்.