மாட்டுத்தாவணி சண்டை: புகார் கொடுக்கலாமா, வக்கீல்கள் சொல்லுங்கள்

வணக்கம். போன சனிக்கிழமை ராத்திரி மாட்டுத்தாவணியில், எங்கள் கடையில் வேலை பார்க்கும் மணிப்பூர் பையன் பஸ் ஜன்னல் வழியாகப் பையைப் போட்டு சீட் பிடித்திருக்கிறான், அங்கே ஏற்கெனவே துண்டு போட்டிருந்தவர் சண்டைக்கு வந்துவிட்டார். தப்பு பையன் மேல்தான், மறைக்கவில்லை. ஆனால் அந்த ஆள் சீட்டுப் பேச்சை விட்டுவிட்டு "சப்ப மூக்கா, சைனாக்காரா, உன் நாட்டுக்கே போடா" என்று கத்த, சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"கோவத்துல வந்த வார்த்தைப்பா, என்னைக்கூடத்தான் சொட்டைன்னு திட்டுறாங்க" என்கிறார் மச்சான். என் மகள் விடவில்லை. 1965இல் ஐ.நா. கொண்டுவந்த இனப்பாகுபாடு ஒழிப்பு உடன்படிக்கையில் நிறம், வம்சாவளி, இனப் பூர்வீகம் எல்லாமே வருகிறது, 1968இல் இந்தியாவும் ஏற்றுக்கொண்டது என்கிறாள். எனக்கும் அவள் பக்கம்தான் சரி என்று படுகிறது. சொட்டை என்றால் ஒருத்தரோடு போச்சு, இது ஒரு ஊரையே வெளியே தள்ளுகிற பேச்சு. (வடக்கே போய் 'மதராஸி' என்று கேட்டால் மச்சான் சிரிப்பாரா?)

இப்போது சந்தேகம் இதுதான். பாரதிய நியாய சன்ஹிதா (ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த குற்றவியல் சட்டம்) 196ஆம் பிரிவு, அதாவது இனம், மதம், ஊர் போன்றவற்றைச் சொல்லிப் பிரிவினருக்குள் பகையைத் தூண்டுவதற்கான பழைய 153ஏ, ஒரு ஆளைப் பார்த்துக் கத்தினதுக்குப் பொருந்துமா, இல்லை வேண்டுமென்றே அவமதித்ததற்கான 352 வரைதானா? என் செல்போனில் வீடியோ இருக்கிறது. பையனோ "வேணாம்ணே, நாளைக்கும் அதே பஸ்லதான போகணும்" என்கிறான். அவன் வேண்டாம் என்கிறபோது நானாகக் கொடுக்கலாமா?