அப்பாவின் வாய்ப்புண்ணை எங்கே காட்டலாம்? யாங்கோன் உறவுகளே, உதவுங்கள்

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 61 வயது. நாற்பது வருஷமாகப் புகையிலை வைத்துக் குன்யா (பாக்கு, சுண்ணாம்பு வைத்து மடித்த வெற்றிலை) போடுகிறார். கன்னத்தின் உள்பக்கம் வெள்ளைத் திட்டு, அதன் நடுவே ஒரு புண். 3 வாரமாகியும் ஆறவில்லை. குழம்பில் காரம் பட்டாலே துடித்துப் போகிறார். வாயை 3 விரல் அளவுகூடத் திறக்க முடியவில்லை. கேட்டால், "சுண்ணாம்பு சுட்டிருக்கும், தானா ஆறிடும்" என்கிறார். 2 வாரம் தாண்டிய புண்ணைக் காட்டியே ஆகவேண்டும், புகையிலை இல்லாத வெறும் பாக்கே புற்றுநோய் தரும் என்று சொல்லியும் அசையவில்லை. அம்மா தினமும் அழுகிறார்.

யாங்கோன் பல் மருத்துவப் பல்கலைக்கழகத்தில் யாராவது காட்டியிருக்கிறீர்களா? எத்தனை மணிக்குப் போகவேண்டும்? சதை எடுத்துப் பரிசோதிக்க எத்தனை கியாட் ஆகும்? உங்கள் வீட்டில் குன்யாவை விட்ட பெரியவர்கள் இருந்தால், எப்படி விட்டார்கள் என்று எழுதுங்கள். அப்பாவுக்குப் படித்துக் காட்டுகிறேன்.