தங்கத் தாங்கல் டார்கெட்: பீமில் மட்டும் காமா கோடுகள் விரிவது ஏன்?

கேள்வி: டெல்லி பெல்லட்ரான் முடுக்கியில் கன அயனி மோதல், டார்கெட்டின் பின்னால் தாங்கலாகத் தங்கம், காமா கதிரை அளக்கக் குளோவர் ஜெர்மானியம் டிடெக்டர்கள். அசையாத யூரோப்பியம்-152 கதிர்மூலம் வைத்தால் காமா நிறமாலைக் கோடுகள் கூர்மை. பீம் (அயனிக் கற்றை) ஓடும்போது உயர்சுழற்சிக் கோடுகள் (கரு வேகமாகச் சுழலும் நிலைகளிலிருந்து வருபவை) மட்டும் அகலம். எலக்ட்ரானிக்ஸ் கோளாறா?

பதில் 1: எலக்ட்ரானிக்ஸைத் திட்டாதீங்க, டாப்ளர் விளைவுதான்: ஓடும் கரு விடும் காமாவின் ஆற்றல் மாறித் தெரியும். மோதலில் உருவான கரு ஒளிவேகத்தில் 2% வேகத்தில் பாய்ந்தால் 1000 கேஇவி (ஆற்றல் அலகு) கோடு, பீம் திசைக்கு 45 டிகிரியில் சுமார் 14 கேஇவி நகரும். அந்தக் கரு தங்கத்துக்குள் நிற்க ஏறத்தாழ 1 பைக்கோநொடி (நொடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) ஆகும்; அதற்குள் சிதையும் நிலைகள்தான் விரியும். அந்த வடிவத்திலிருந்தே ஆயுட்காலம் எடுக்கலாம், இது கோளாறு இல்லை, கொடை!

பதில் 2: பீம் மின்னோட்டத்தைப் பாதியாக்கிப் பாருங்க. கீழ்நிலைக் கோடுகளும் இன்னும் கூர்மையானால் பைல்-அப்பும் (சிக்னல்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுவது) இருக்கு.

கேட்டவர்: டாப்ளர்தானா என்று பார்க்க 90 டிகிரி டிடெக்டர் மட்டும் போதுமா சார்?

பதில் 1: போதாது, அங்கே நகர்வு ஏறத்தாழ பூஜ்யம். டாப்ளர் என்றால் முன்கோணத்தில் வால் மேலேயும் பின்கோணத்தில் கீழேயும் நீளணும்.