மறுமொழி: 'டச்மேன்' பழுதுபார்ப்புக்குத் தமிழ் என்ன?

அன்பின் குழுவினருக்கு,

மரத்தில் கெட்டுப்போன இடத்தை வெட்டி எடுத்து, அந்தக் குழியில் வேறொரு மரத்துண்டை அச்சாகப் பொருத்தும் 'டச்மேன்' வேலைக்குத் தமிழ்ச்சொல் கேட்டிருந்தீர்கள். வந்த பரிந்துரைகளில், ஆங்கிலச் சொல்லை அப்படியே பெயர்த்த 'ஒல்லாந்தர்' என்பதைச் சிரித்துவிட்டு விட்டுவிடலாம். 'டச்மேன்' என்பது அமெரிக்கத் தச்சர்களின் வழக்கு. "கதவுக்கு ஒரு ஒல்லாந்தர் வையுங்கள்" என்று கேட்டால் நம் ஆசாரி நம்மைத்தான் மேலும் கீழும் பார்ப்பார்.

'ஒட்டு' எனக்கும் முதலில் பிடித்திருந்தது. ஆனால் சட்டையில் போடும் ஒட்டு துணியின் மேல் உட்காரும். இது மரத்துக்குள் இறங்கும். போதாததற்கு 'ஒட்டுப்பலகை' பிளைவுட்டுக்குப் போய்விட்டது.

போன வருடம் எங்கள் வீட்டுத் தேக்குக் கதவில் இந்த வேலை நடந்தது. தினமும் வாசல் கழுவுகிற தண்ணீரை உறிஞ்சி உறிஞ்சிக் கீழ்மூலை நகம் பட்டாலே உதிர்ந்தது. ஆசாரி நல்ல மரம் தட்டுப்படும்வரை உளியால் எடுத்து, குழியின் விளிம்பை நேராக்கினார். பழைய ஜன்னல் சட்டத்தில் அறுத்த தேக்குத் துண்டைத் திருப்பித் திருப்பி வைத்து, ரேகை கதவின் ரேகையோடு ஒரே போக்கில் ஓடுகிறதா என்று பார்த்தார். குறுக்கே போனால் மழைக்காலத்தில் இரண்டும் வெவ்வேறு பக்கம் உப்பி, ஒட்டு விட்டுவிடுமாம். தேக்கில் எண்ணெய் இருப்பதால் பசை சரியாகப் பிடிக்காது. அசிட்டோனால் துடைத்துவிட்டு உடனே ஒட்டினார். துண்டு மயிரளவு தூக்கி நின்றது. மறுநாள் இழைப்புளியால் சீவிவிட்டு, "துண்டு வச்சிருக்கேன், பாருங்க" என்றார். எங்கே என்று தேட வேண்டியிருந்தது.

ஆக, சொல் பட்டறையிலேயே இருக்கிறது. வெறும் 'துண்டு' என்றால் பஸ்ஸில் இடம் பிடிப்பதுதான் நினைவுக்கு வரும். அதனால் 'பதிதுண்டு' என்கிறேன். ஊறுகாய் போல வினைத்தொகை. நடுவே 'த்' வேண்டாம்.

---

ஐயா, ஒரு சந்தேகம். 'பதித்தல்' என்றதும் தந்தம் பதித்த பெட்டி மாதிரி அலங்கார வேலை நினைவுக்கு வராதா?

---

வரும். செய்முறையும் ஏறக்குறைய அதுதானே: குழி வெட்டி, அச்சாகப் பொருத்தி, சமமாகச் சீவுவது. அங்கே கண்ணில் படுவதற்காக, இங்கே படாமலிருப்பதற்காக. 'துண்டு' என்ற சொல் அலங்கார நினைப்பைக் குறைத்துவிடும்.

---

சரி, பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். வினைக்கு 'பதிதுண்டு இடுதல்' என்று எழுதியிருந்தேன், அதை 'வைத்தல்' என்று மாற்றிவிட்டேன். ஆசாரி 'வச்சிருக்கேன்' என்றுதானே சொன்னார்.