சிப்பாவில் 45 வேலை நாள்: கணக்கு எங்கே தவறுகிறது? (அனுபவப் பகிர்வு)

கிள்ளான் கியூ.எஸ். (அளவு மதிப்பீட்டாளர்)
சிப்பா என்பது மலேசியாவின் 2012-ஆம் ஆண்டுக் கட்டுமானத் தொழில் பணம் செலுத்துதல், தீர்ப்பளிப்புச் சட்டம். அதன்படி கட்டுமானப் பணத் தகராறில் முடிவு சொல்லத் தீர்ப்பாளருக்கு (நீதிமன்றத்துக்கு வெளியே தகராறைத் தீர்த்துவைப்பவர்) 45 வேலை நாள் என்பது குத்தகையாளர்கள் எல்லாருக்கும் மனப்பாடம். எந்த நாளிலிருந்து என்று கேட்டால்தான் ஆளுக்கொரு பதில் வருகிறது. எதிர்த்தரப்பின் பதில் மனு, அதற்குக் கோரிக்கையாளர் தரும் மறுபதில், இரண்டில் எது கடைசியாகச் சேர்ந்ததோ அந்த நாள்தான் தொடக்கம். பதில் மனுவே வரவில்லை என்றால், அதற்குத் தரப்பட்ட 10 வேலை நாள் முடிந்ததிலிருந்து எண்ண வேண்டும்.

வழுக்கும் இடம் மறுபதில். அதற்கு 5 வேலை நாள் உண்டு. ஆனால் கோரிக்கையாளர் அதைப் போடவே இல்லை என்றால் அந்த 5 நாளைச் சேர்த்துக்கொள்ள முடியாது. பதில் மனு வந்த அன்றைக்கே கணக்கு தொடங்கிவிட்டது. பிந்திய தீர்ப்பு செல்லாது என்று 2012-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு நேராகவே சொல்கிறது. தீர்ப்பாளருக்குக் கட்டணமும் கிடைக்காது.

கோலா திரெங்கானு தள மேற்பார்வை
வேலை நாள் என்றால் யாருடைய வேலை நாள்? கட்டுமானத் தளம் இருக்கும் மாநிலத்தின் வார விடுமுறையும் பொது விடுமுறையும்தான் கணக்கு. தீர்ப்பாளரின் அலுவலகம் கோலாலம்பூரில் இருப்பது இதில் ஒரு பொருட்டே இல்லை.

தளம் திரெங்கானுவில் இருக்கிறது, மறுபதில் வெள்ளிக்கிழமை வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். இடையில் பொது விடுமுறை இல்லை. கோலாலம்பூர் வழக்கப்படி திங்கள் முதல் நாள். 9 வாரம் கழித்து வரும் வெள்ளி 45-ஆவது நாள். திரெங்கானுவில் வெள்ளி, சனி விடுமுறை. அங்கே ஞாயிறே முதல் நாள், 45-ஆவது நாள் அதே வாரத்து வியாழன். வெள்ளி மாலை மின்னஞ்சலில் வரும் தீர்ப்பு ஒரு நாள் பிந்தியது. கிளாந்தான், கெடாவுக்கும் இதே கணக்கு. ஜொகூர் 2025 சனவரி 1 முதல் சனி, ஞாயிறுக்கு மாறிவிட்டது. பழைய கோப்பைப் பார்த்து எண்ணுகிறவர்கள் கவனம்.

பினாங்கு துணைக் குத்தகை
நம்மவர்களுக்கு ஒன்று. தைப்பூசம் பினாங்கிலும் சிலாங்கூரிலும் விடுமுறை, திரெங்கானுவில் இல்லை. சரவாக்கில் தீபாவளிக்கும் பொது விடுமுறை கிடையாது. சரவாக் தளமென்றால் நீங்கள் முறுக்கு சுட்டுக்கொண்டிருக்கும் அந்த நாளும் வேலை நாளாகவே கழியும்.

ஈப்போ வழக்குரைஞர் உதவியாளர்
தவணை நீட்டிப்பு பற்றி. தரப்பினரின் கெடுவைத் தீர்ப்பாளர் நீட்டிக்கலாம், தன்னுடையதைத் தானே நீட்டிக்க முடியாது. கூடுதல் ஆவணம் கேட்டாலும் தளத்தைப் பார்க்கப் போனாலும் தொடக்க நாள் நகராது. இரு தரப்பும் ஒப்பினால்தான் கூடுதல் நாள்.

"மறுப்பு இல்லை என்றால் சம்மதமாக எடுத்துக்கொள்கிறேன்" என்று தீர்ப்பாளர் எழுதினால் பேசாமல் இருந்துவிடாதீர்கள், குறிப்பாகப் பணம் வரவேண்டிய தரப்பு நீங்கள் என்றால். தோற்ற தரப்பு பின்னால் உயர் நீதிமன்றத்தில் முதலில் தூக்கிப் பிடிப்பது அந்த மௌனத்தைத்தான். புதிய கெடு நாளைத் தேதியாகவே குறித்து, பழைய கெடு முடிவதற்கு முன்பே இருவரின் எழுத்துச் சம்மதத்தையும் வாங்கிக் கோப்பில் போடுங்கள்.

கிள்ளான் கியூ.எஸ்.
கட்டண விஷயமும் உண்டு. முழுக் கட்டணமும் ஏ.ஐ.ஏ.சி.யில் (இந்த வழக்குகளை நிர்வகிக்கும் ஆசிய அனைத்துலக நடுவர் மையம்) கட்டப்படும்வரை தீர்ப்பை வெளியிடாமல் வைத்திருக்கத் தீர்ப்பாளருக்கு உரிமை இருக்கிறது. எழுதி முடிக்க வேண்டியது மட்டும் கெடுவுக்குள்தான்; பணம் வராதது வெளியீட்டுத் தாமதத்துக்கு மட்டுமே சாக்கு. எதிர்த்தரப்பு தன் பங்கைக் கட்டாமல் இழுத்தால், இரண்டு பங்கையும் நீங்களே கட்டிவிட்டுச் செலவுத்தொகையில் கேட்பது நல்லது.

லண்டன் கமர்ஷியல் மேனேஜர்
பிரிட்டனில் இது தலைகீழ். கட்டணத்துக்காகத் தீர்ப்பைப் பிடித்துவைக்க முடியாது. கெடு 28 நாள்; வேலை நாள் இல்லை, சனி ஞாயிறும் சேர்த்து. வழக்கைக் கொண்டுவந்தவர் ஒருவர் சம்மதித்தாலே 14 நாள் கூடும்; அதற்கு மேல் என்றால் இருவரும் ஒப்ப வேண்டும். அங்கே பழகியவர்கள் மலேசியா வந்து ஒரு தரப்பின் சம்மதத்தோடு நிறுத்திக்கொள்வதுதான் ஆபத்து.

கோலா திரெங்கானு தள மேற்பார்வை
ஆமாம். மறுபதில் வந்த மறுநாளே 45-ஆவது நாளைத் தேதியாக எழுதித் தீர்ப்பாளருக்கும் எதிர்த்தரப்புக்கும் அனுப்பிவிடுங்கள். கணக்கு தப்பென்றால் 9 வாரம் இருக்கும்போதே யாராவது சொல்வார்கள்.