கலைச்சொல் விவாதம்: ஸ்லாலம் நீர்ச்சறுக்கில் ‘ஸ்டாக்’ என்பதற்கு ‘நேர்சாய்வு’

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

நீர்ச்சறுக்குப் பயிற்சிக் குறிப்புகளைத் தமிழில் எழுதும் இழை போன வாரம் ‘ஸ்டாக்’ என்ற சொல்லில் வந்து நின்றது. உடம்பை ஒரே கோட்டில் வைத்துப் படகுக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்து நிற்கும் நிலைக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயர் அது. இழுநிலை, அடுக்குநிலை, பின்சாய்வு என்று மூன்று பரிந்துரைகள் வந்திருக்கின்றன. மூன்றிலும் எனக்கு உடன்பாடில்லை. ‘நேர்சாய்வு’ என்பது என் பரிந்துரை. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இந்த ஒரு சொல் பிசகினால், படித்துப் பழகுபவரின் உடம்பும் பிசகும்.

விளையாட்டைப் பார்த்திராதவர்களுக்காக முதலில் களம். நீரில் 259 மீட்டர் நீளம். படகு சறுக்குபவரைக் கயிற்றில் இழுத்தபடி நடுக்கோட்டில் நேராக ஓடும். சறுக்குபவர் ஒற்றைப் பலகையில் ஒரு காலுக்குப் பின் ஒரு காலாக நின்றுகொண்டு, நுழைவாயிலின் இரு மிதவைகளுக்கு நடுவே புகுந்து, வலமும் இடமுமாக மாறி மாறி வரும் ஆறு மிதவைகளைச் சுற்றி, வெளிவாயில் வழியே போக வேண்டும். அந்த ஆறும் நடுக்கோட்டிலிருந்து 11.5 மீட்டர் தள்ளி மிதக்கும். ஒவ்வொரு முறை முழுதாக முடிக்கும்போதும் படகின் வேகம் கூடும். உச்ச வேகத்தைத் தொட்டபின் (ஆண்களுக்கு மணிக்கு 58 கிலோமீட்டர், பெண்களுக்கு 55) கயிறு குறையத் தொடங்கும்: 18.25 மீட்டர், 16, 14.25, 13, 12, 11.25 என்று.

11.25 மீட்டர் என்ற இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். மிதவை இருப்பது 11.5 மீட்டரில். கயிறு படகுக்குச் செங்குத்தாக நீண்டாலும் மிதவையை எட்டாது! மிச்சத்தை நீட்டிய கையும் சாய்ந்த உடம்பும்தான் ஈடுகட்ட வேண்டும். 2013ல் அமெரிக்க வீரர் நேட் ஸ்மித் 9.75 மீட்டர் கயிற்றில் இரண்டரை மிதவை எடுத்து உலக சாதனை படைத்தார். அப்படியென்றால் அவர் உடம்பு எவ்வளவு வெளியே நீண்டிருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

ஒரு மிதவைக்கும் அடுத்ததற்கும் படகின் திசையில் 41 மீட்டர். 55 கிலோமீட்டர் வேகத்தில் படகு அதைச் சுமார் 2.7 விநாடியில் கடந்துவிடும். அதற்குள் சறுக்குபவர் குறுக்காக 23 மீட்டர் போய், திரும்பியும் ஆக வேண்டும். இந்த அவசரம்தான் எல்லோரையும் ‘இழு, இழு’ என்று நினைக்க வைக்கிறது. நம் இழையிலும் அதுதான் நடந்தது:

> இழுநிலை என்றால் எல்லோருக்கும் சட்டென்று புரியும். கயிற்றை இழுத்துத்தானே குறுக்கே போகிறார்கள்?

தம்பி, இழுப்பது படகு. சறுக்குபவர் கைமடக்கி இழுக்க ஆரம்பித்த அந்தக் கணத்திலேயே காரியம் கெட்டுவிடுகிறது. முழங்கை மடங்கிக் கைப்பிடி மார்புக்கு ஏறும். இடுப்பு பின்னால் போகும். பலகை விளிம்பிலிருந்து தட்டையாகும். தட்டையான பலகை குறுக்கே போகாது, படகு போகும் திசையிலேயே ஓடும். எவ்வளவு பலமாக இழுக்கிறாரோ அவ்வளவு தாமதமாக அடுத்த மிதவைக்கு வந்து சேர்வார். ‘இழுநிலை’ என்று எழுதினால் இந்தத் தவறையே பாடமாக வைத்ததாக ஆகிவிடும்.

சரியான நிலை எப்படி இருக்கும்? கைகள் நீண்டிருக்கும், மேல்கை விலாவை ஒட்டியிருக்கும், கைப்பிடி இடுப்பின் உயரத்தில் உடம்புக்குப் பக்கத்தில் இருக்கும். முழங்காலில் லேசான மடிப்பு. கணுக்கால், இடுப்பு, தோள் மூன்றும் ஒரே கோட்டில். அந்தக் கோடு முழுவதுமாகப் படகுக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும். கயிறு இழுக்கும் போட்டியில் நன்கு பழகிய அணி கையை மடக்காமல் உடம்பை மொத்தமாகச் சாய்த்து நிற்குமே, அதே மாதிரி. பளுவை எலும்பு தாங்கும், புயத்தசை வெறுமனே பிடித்துக்கொண்டிருக்கும். முழு வேகத்தில் கயிற்றில் வரும் பளு உடல் எடையையே மிஞ்சும். அதைப் புயத்தால் தாங்கிவிடலாம் என்று நினைத்தால் தோள்தான் வலிக்கும்.

‘அடுக்குநிலை’ ஆங்கிலச் சொல்லை அப்படியே பெயர்த்தது. மூட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைவது என்ற பாதிப் பொருள் அதில் இருக்கிறது. சாய்வு என்ற மறுபாதி இல்லை. ‘பின்சாய்வு’ அதற்கு நேர் எதிர். சாய்வு இருக்கிறது, நேராக நிற்பது இல்லை. பின்னால் சாயச் சொன்னால் புதியவர்கள் இடுப்பை மடக்கித் தோளை மட்டும் பின்னுக்குத் தள்ளுவார்கள். எடை முழுவதும் பின்காலுக்குப் போய்விடும். நேர்சாய்வில் இரண்டு பாதியும் உண்டு: நேராக இரு, அப்படியே சாய்.

ஐயா ஒருவர் எழுதியிருந்தார்:

> பள்ளிக் கணக்கில் சாய்வு என்பது கோட்டின் சரிவு. நேர் என்பதற்கு எதிர்மறையின் மறுதலை என்றும் பொருளுண்டு. மாணவர் குழம்ப மாட்டாரா?

நியாயமான ஐயம்தான். ஆனால் வரைபடத் தாளும் ஏரியும் ஒரே வாக்கியத்தில் வருவது அபூர்வம், ஐயா. ‘ஒருகோட்டுச் சாய்வு’ என்று வைத்தால் குழப்பம் இராது என்கிறீர்கள். எழுத்தில் அது நன்றாகவே இருக்கிறது. எனக்கு வேறொரு சோதனை முக்கியம். இந்தச் சொல்லைப் பெரும்பாலும் புத்தகத்தில் படிக்கப் போவதில்லை, படகில் உட்கார்ந்திருக்கும் பயிற்சியாளர் எஞ்சின் சத்தத்துக்கு மேலே கத்திச் சொல்லப் போகிறார். “நேராச் சாய்!” என்று கத்த முடியும். “ஒருகோட்டில் சாய்!” என்பதற்குள் அடுத்த மிதவை வந்துவிடும். விளையாட்டுக் கலைச்சொல் ஏவலாக மாறத் தெரிந்ததாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

அப்புறம் கருவிப் பகுதி. இங்கே மற்ற சொற்களையும் சேர்த்து முடித்துவிடலாம். கையில் பிடிப்பது கைப்பிடி என்றால், பலகையில் பாதத்தைக் கட்டும் பைண்டிங் காற்பிடி. பலகையின் முன்முனைக்கு மூக்கு, பின்முனைக்கு வால். படகின் பின்னே இருபுறமும் எழும் அலைமேட்டுக்குப் படகலை. ஸ்லாலம் என்ற பெயரை மட்டும் தொட வேண்டாம். நார்வே மொழியில் சரிவையும் தடத்தையும் சேர்த்துப் பிறந்த சொல் அது. ஆங்கிலமே அதை அப்படியேதான் எடுத்துக்கொண்டது.

வாலின் அடியில் நிற்கும் ஃபின்னுக்குத் துடுப்பு என்று இழையில் வந்தது. உயிரியல் பாடத்தில் சரி. படகுக்குப் பக்கத்தில் அந்தச் சொல்லை வைத்தால் எல்லோரும் கையால் வலிக்கும் துடுப்பைத்தான் நினைப்பார்கள். ஈழத்தில் மீன் வெட்டும்போது செட்டை என்பார்கள், அதை எடுத்துக்கொள்வோம். செட்டை பறவைக்கும் ஆகும் என்பது தெரியும். ஃபின்னில் குறுக்காகப் பொருத்தும் சிறு தகடான விங்குக்குச் சிறகு என்று தனிச் சொல் இருப்பதால் மோதல் வராது.

செட்டையின் அமைப்புக்கு மூன்று அளவு போதும்: ஆழம், நீளம், வால்தூரம் (வால்முனையிலிருந்து செட்டை வரை உள்ள தூரம்). சுமாராக ஆழம் 2.5 அங்குலம், நீளம் 6.8 அல்லது 6.9, வால்தூரம் முக்கால் அங்குலத்தை ஒட்டி. பலகைக்குப் பலகை மாறும், தயாரிப்பவர் தரும் எண்ணிலிருந்து தொடங்க வேண்டும். பலகையைக் கவிழ்த்துத் துண்டின்மேல் வைத்து, செட்டையைப் பிடித்திருக்கும் திருகுகளைத் தளர்த்தி, காலிப்பரை வாலில் ஊன்றி அளப்பார்கள். மாற்றுவது அங்குலத்தில் ஆயிரத்தில் ஐந்தோ பத்தோதான். நம் லேத் பட்டறைகளில் ‘தௌ’ என்பார்களே, அந்த அளவு. பத்து தௌ என்றால் கால் மில்லிமீட்டர். அவ்வளவு சிறிய மாற்றம் காலுக்குத் தெரியும். ஆழம் கூடினால் வால் நீரைப் பற்றிக்கொள்ளும், குறைந்தால் திருப்பத்தில் வழுக்கி வெளியே போகும். சிறகு ஒரு தடை. வழக்கமாக ஏழிலிருந்து ஒன்பது பாகை சாய்த்துப் பொருத்துவார்கள். மிதவையை நெருங்கும்போது பலகையின் வேகத்தைக் குறைக்க உதவும். முன் காற்பிடியை முன்னால் தள்ளினால் மூக்கு நீரில் கூடுதலாக அழுந்தும்.

குறிப்புகளில் இந்தப் பகுதியை நேர்சாய்வுக்கு அடுத்துத்தான் வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இடுப்பு மடங்கிப் பின்காலில் எடை இருக்கிறவருக்கு மூக்கு மேலே எழும், திருப்பம் அகலமாகும், அவர் பலகையைத்தான் குறை சொல்வார். காற்பிடியை ஒரு துளை முன்னே நகர்த்துவார், செட்டையை ஆழமாக்குவார். ஒன்று சரியானதுபோல் தெரியும்போது இன்னொன்று கெடும். அப்புறம் எந்த மாற்றம் என்ன செய்தது என்பதே தெரியாது. முதலில் உடம்பு, பிறகு பலகை. அதிலும் ஒரு நேரத்தில் ஓர் அளவை மட்டும் மாற்றி, பழைய எண்ணை எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். தண்ணீரின் வெப்பநிலையையும் பக்கத்தில் குறிப்பது நல்லது. குளிர்ந்த நீரில் அதே பலகை வேறு மாதிரி நடந்துகொள்ளும்.

கயிறு தளர்ந்து தொங்குவதற்குத் தொய்வு, ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்குப் பலகை புரள்வதற்கு விளிம்புமாற்றம். இவற்றில் யாருக்கும் மறுப்பு இருக்காது என்று நினைக்கிறேன்.

மீதி இருப்பது ஆன்சைடு, ஆஃப்சைடு. எந்தக் கால் முன்னே இருக்கிறது என்பதைப் பொறுத்து ஒரு பக்கத் திருப்பம் எளிதாக வரும், மறுபக்கம் உடம்பு முரண்டு பிடிக்கும். நற்பக்கம், தீப்பக்கம் என்று வந்த பரிந்துரையில் ஒரு பக்கத்தைக் குற்றம் சொல்லும் தொனி இருக்கிறது. மூன்று மிதவையை அந்தப் பக்கத்தில்தான் எடுத்தாக வேண்டும், அதைத் தீயதென்று சொல்லிப் பழக்கக் கூடாது. இணக்கப்பக்கம், பிணக்கப்பக்கம் என்று வைக்கலாமா? ஒலி ஒத்துப்போகிறது, பிணக்கு தீரக்கூடியது என்ற குறிப்பும் இருக்கிறது. படகுச் சத்தத்தில் இரண்டும் ஒன்றுபோல் கேட்டுவிடுமோ என்ற ஒரு தயக்கம் மட்டும் எனக்கு உண்டு. பயிற்சி கொடுத்த அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

அன்புடன்.